மரப்பெண்ணின் கன்னத்து விரிசல்

பாத், மேய்ன்
மார்ச் 17, 1937

அன்பு மகள் லவினியாவுக்கு அப்பா எழுதுவது. இருமலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ நலமா என்று வழக்கத்துக்குக் கேட்கவில்லை அம்மா, நிஜமாகவே கேட்கிறேன். காய்ச்சல் என்று ஜனவரியில் எழுதினாய், அப்புறம் சியாட்டிலிலிருந்து ஒரு வரி இல்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பழைய கப்பல் சிற்பங்களை வாட்டர்கலரில் வரைந்து கொடுக்கும் அரசாங்க வேலை எனக்கு இன்னும் ஓடுகிறது. இந்த மாதம் கிழட்டு எஃப்ராயிமின் கோழிக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறேன். கப்பல் முகப்பில் நின்ற ஆளுயர மரப்பெண் ஒருத்தி அங்கே கோழிகளோடு குடியிருக்கிறாள். உள்ளது உள்ளபடி வரைய வேண்டும், அழகுபடுத்தக் கூடாது என்பது சட்டம். அதனால் அவளைக் கழுவ வேண்டாம் என்றேன். "அப்போ தோள்ல இருக்கிற கோழி எச்சத்தையும் வரைவியா? உனக்கும் சம்பளம் குடுக்கிறாங்களே" என்று எஃப்ராயிம் சிரித்தான். எச்சத்தையும் வரைந்தேன், உளி பட்ட தடம், உரிந்த நீலம், ஆணித் துரு எதையும் விடவில்லை. ஆனால் கண்ணிலிருந்து தாடை வரை அவளுக்கு ஒரு விரிசல். அதற்கு மட்டும் தூரிகை போகவில்லை. உன்னையே நினைத்துக்கொண்டு வரைந்ததில் அந்த முகம் உன் முகமாகிவிட்டிருந்தது. மேற்பார்வைக்கு வந்த மிஸ் ஹேஸ்கெல் தாளைப் பார்த்தவுடனே, "விரிசல் எங்க, ஆசா? இது யாரோட முகம்?" என்றார். வேறு தாளில் புதன்கிழமைக்குள் சரியாகத் தராவிட்டால் வேலைப் பட்டியலில் என் பெயர் இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் உன் கடிதம் வந்துவிட்டால் நிம்மதியாக அந்தக் கோட்டைப் போடலாம் என்று நாள் முழுக்கத் தபால்காரன் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. இன்று காலை போட்டேன். மெல்லிய பழுப்புக் கோடு, நாலு விரல் நீளம்தான், உன் கன்னத்திலேயே கீறுவது போல எனக்குப் பயமாக இருந்தது. "இப்பதான் அவ அவளா இருக்கா" என்று மிஸ் ஹேஸ்கெல் வாங்கிக்கொண்டார். வேலை தப்பியது. நான் கை கூடக் கழுவாமல் தபால் நிலையத்துக்கு ஓடினேன். அங்கேயும் ஒன்றுமில்லை.

வெந்நீர் குடி, ஈரத்தில் நிற்காதே. மாப்பிள்ளை மீன் பிடிக்கப் போயிருந்தால் பக்கத்து வீட்டாரைத் துணைக்கு வைத்துக்கொள். கர்த்தர் உன்னை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும். விரிசல் இல்லாத முதல் தாளைப் படுக்கைக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். எழுதத் தெம்பில்லை என்றால் எழுத வேண்டாம், உறையின் மேல் உன் கையால் என் முகவரியை மட்டும் எழுதி வெறும் உறையை அனுப்பு, போதும்.

உன் அப்பா,
ஆசா பிக்ஃபோர்ட்