தாபெங் ஓடை ஈக்கு யார் பெயர்?

நவம்பர் 6

மாமெல்லோ அவுசி காலையில் மக்வேன்யா என்ற மாவு உருண்டை பொரித்துக் கொண்டுவந்தாள். நான்கு தின்றுவிட்டு எண்ணெய்க் கையோடு நுண்ணோக்கியைத் தொட்டுத் தொலைத்தேன். கண்ணாடியைத் துடைக்கவே அரை மணி நேரம் போனது. அவுசி என்றால் எங்கள் ஊரில் அக்கா; எங்கள் பூச்சி ஆய்வு நிலையத்தில் படம் வரைகிறவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். வாய் இருபது வயது மூத்தது.

போன வாரம் தாபெங் ஓடையில் கட்டிய கூடார வலையில் விழுந்ததை இன்று பிரித்தேன். கொசு, கொசு, சாண ஈ, மறுபடியும் கொசு. பதினோரு மணிக்கு ஒரு நடன ஈ. ஆண். கறுப்பு. நான்கு மில்லிமீட்டர். முன்னங்கால் பாதங்கள் மட்டும் கையுறை போட்டாற்போல் வீங்கியிருந்தன.

இனம் காணும் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு கேள்வியாக வைத்துப் பார்த்தேன். ஏழாவதில் முரண்டு பிடித்தது. திரும்ப முதலிலிருந்து வந்தேன். மறுபடியும் ஏழிலேயே நின்றது. வயிற்று நுனியை வெட்டிக் காரக் கரைசலில் காய்ச்சிப் பார்த்தேன். ஆண் ஈயின் அடையாள அட்டை அங்கேதான் இருக்கிறது. இப்படி ஒரு கொக்கியை நான் எந்தப் படத்திலும் கண்டதில்லை.

புதிதா? புதிதேதான் என்று நினைக்கிறேன். ரெஃபிலுவே பாஃபோலி, வாயைத் திறக்காதே.

நவம்பர் 7

திறக்கவில்லை.

நவம்பர் 8

மாமெல்லோவிடம் மட்டும் திறந்தேன். கொக்கியைப் படம் வரைய வேறு யார் இருக்கிறார்கள்?

நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பொத்தி வைடீ. அந்த மனுஷன் காதுல விழுந்துச்சுன்னா உன் ஈ நாளைக்கே அவரு ஈ."

அந்த மனுஷன் எங்கள் இயக்குநர் ந்தாத்தே மகெத்தா. ந்தாத்தே என்றால் ஐயா.

நவம்பர் 12

அவர் கண்ணிலேயே விழுந்துவிட்டது. மாமெல்லோ படத்தை மேஜையிலேயே காயவைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறாள். பொத்தி வைக்கச் சொன்னவள்!

"நம்ம ஈயைப் பாத்தேன், மகளே" என்று வந்து நின்றார். நம்ம! ஓடைப் பக்கம் அவர் கால் வைத்தே ஒன்பது வருஷம் ஆகிறது.

ஏழு வருஷத்தில் மூன்று கட்டுரைகள். பிடித்தது நான், ஊசியில் குத்தியது நான், எழுதியது நான். ஆசிரியர் என்ற இடத்தில் அவர். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் பத்தியில் என் பெயர் இருக்கும், வழியில் டயர் மாற்றிய டிரைவருக்கு அடுத்ததாக. ஒவ்வொரு முறையும் தோளில் தட்டி ஒன்று சொல்வார்: "அடுத்த கட்டுரையில உன் பேருதான் முதல்ல." வெறுங்கையால் முழம் போடுவதில் இந்த மலைநாட்டில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. இன்றும் தட்டினார்.

எனக்கு இந்த ஈ வேண்டும். ஓர் உயிரை முதலில் விவரித்தவரின் பெயரை அதன் பெயரோடு சேர்த்து எழுதுவது எங்கள் தொழில் வழக்கம். ஒரே ஒரு உயிரிலாவது பாஃபோலி என்று இருக்க வேண்டும். பாஃபோலி மட்டும்.

நவம்பர் 20

தாபெங் ஓடை. விடியும்போதே போர்வையைப் போர்த்திக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்தேன். கம்பளிக்குள்ளும் பல் தந்தி அடித்தது. வெயில் தண்ணீரைத் தொட்டதும் வந்துவிட்டன. ஓர் ஐம்பது இருக்கும். தண்ணீருக்கு ஒரு முழம் மேலே சுற்றிச் சுற்றி ஆடின. ஆண்களின் காலில் ஏதோ வெள்ளையாக மின்னியது. பட்டு நூலில் சுற்றிய பொட்டலம்! வீங்கிய பாதத்தின் வேலை இதுதான்.

நடன ஈக்களின் சம்பிரதாயம் எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆண் ஒரு கொசுவைப் பிடித்து நூலில் சுற்றிப் பெண்ணிடம் நீட்டும். அவள் அதைப் பிரித்துத் தின்கிற நேரத்தில் காரியத்தை முடித்துக்கொள்ளும். சீர் கொண்டுவராதவனை அவள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். பதினொரு ஜோடிகளைப் பொட்டலத்தோடு பிடித்தேன். மதியம் குளிர்ந்த சோளக் களியும் கீரையும் தின்றேன். அமிர்தமாக இருந்தது.

நவம்பர் 22

பொட்டலங்களைப் பிரித்தேன்.

முதலாவதில் ஒன்றும் இல்லை. தவறிவிட்டது போல என்று இரண்டாவதைப் பிரித்தேன். அதிலும் இல்லை. பதினொன்றிலும் ஒரு கொசுக் கால்கூட இல்லை! அத்தனையும் வெறும் நூல். அவள் பிரித்து முடித்து ஏமாந்ததை உணர்வதற்குள் அவன் பறந்திருப்பான்.

மாமெல்லோவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கண்ணை எடுக்காமலே, "இந்த ஆளை எனக்குத் தெரியும். தினமும் எட்டரை மணிக்கு ஆபீஸுக்கு வருவாரு" என்றாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் ஒரு குப்பி உருண்டு பூச்சி ஊறிய சாராயம் கொட்டியது.

டிசம்பர் 3

ஈயைப் பற்றிய என் கட்டுரை வரைவை ந்தாத்தே திருப்பிக் கொடுத்தார். தலைப்புக்குக் கீழே: மகெத்தா. அப்புறம் ஒரு 'மற்றும்'கூட இல்லை. நான் நன்றிப் பத்தியில். இந்தத் தடவை டிரைவருக்கு மேலே. பெரிய முன்னேற்றம்தான்!

"அடுத்த கட்டுரையில—" என்று கையைத் தூக்கினார். தோளை நகர்த்திக்கொண்டேன்.

என்ன மனுஷன் இவரு? ஒரு ஊசி பிடிச்சிருப்பாரா? அந்தக் குளிர்ல உக்காந்திருப்பாரா? நான் ஏன் வாயை மூடிக்கிட்டு நின்னேன்? ஏழு வருஷமா ஏன் நிக்கிறேன்? அழுதேன். கழிப்பறையில் பத்து நிமிஷம். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 4

ஒரு யோசனை. குறுக்குப் புத்திதான். நேர்ப் புத்தியை ஏழு வருஷம் வைத்திருந்து என்ன கண்டேன்?

ஒரு உயிருக்குப் பெரிய மனிதர் பெயரை வைப்பது எங்களிடம் மரியாதை. ஆனால் கட்டுரையின் ஆசிரியரே தன் பெயரை வைத்துக்கொண்டால் அதைவிட மானக்கேடு இல்லை. தடுக்கிற சட்டம் கிடையாது. செய்தவனைப் பார்த்து உலகத்துப் பூச்சிக்காரர்கள் எல்லாம் சாகும்வரை சிரிப்பார்கள், அவ்வளவுதான். ஆக, ஈ அவர் பெயரைத் தாங்க வேண்டுமென்றால் அவர் ஆசிரியராக இருக்க முடியாது.

இரண்டு பழத்தைக் காட்டி ஒன்றை எடு என்று சொல்ல வேண்டும். அவருக்கு எதில் பசி அதிகம்?

டிசம்பர் 5

தேநீர் வேளையில், அவர் கதவு திறந்திருந்தபோது, நாங்கள் பேச வேண்டியதைப் பேசினோம்.

"ஈக்கு என்ன பேரு வைக்கப் போறே?" மாமெல்லோ குரலை உயர்த்தினாள். செவிடருக்கும் கேட்டிருக்கும்.

"ந்தாத்தே பேரு வைக்கணும்னுதான் ஆசை, அவுசி. 'மகெத்தாயி'ன்னா எவ்வளவு எடுப்பா இருக்கும்! அவரே ஆசிரியரா இருக்காரே, எப்படி வைக்கிறது? அதான் ப்ளூம்ஃபொன்டைன் டாக்டர் ஃபெர்மாக் பேரை வச்சிடலாம்னு இருக்கேன்."

ஃபெர்மாக், ஒரு மாநாட்டில் முந்நூறு பேர் முன்னால் மகெத்தாவின் பேச்சில் பிழை திருத்தியவர். அதற்குப் பிறகு இருபது வருஷமாக நம்மவர் அந்த ஊர் ஆரஞ்சைக்கூட வாங்குவதில்லை.

உள்ளே கரண்டி கோப்பையில் கலக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது.

டிசம்பர் 6

காலையிலிருந்து கதவு சாத்தியே இருக்கிறது.

டிசம்பர் 7

ஒரு தடவை வெளியே வந்தார். "ஃபெர்மாக்கா?" என்றார். "ஆமாம் ந்தாத்தே" என்றேன். உள்ளே போய்விட்டார். பாவமாகக்கூட இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

டிசம்பர் 10

பழம் நழுவிப் பாலில் விழுந்தது!

வரைவை என் மேஜையில் வைத்தார். தலைப்புக்குக் கீழே தன் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, என் பெயரை அவர் கையாலேயே எழுதியிருந்தார்.

"சின்னவங்களுக்கு வழி விடணும், மகளே. நான் எத்தனையோ எழுதியாச்சு."

"நீங்க இல்லாம எப்படி, ந்தாத்தே?" என்றேன். நாக்கு அழுகாமல் இருந்தால் சரி.

"பரவாயில்ல, பரவாயில்ல." வாசல்வரை போய்த் திரும்பினார். "அந்தப் பேரு... நீ ஏதோ சொன்னியே, அது என்ன?"

ஜனவரி 17

நான்காம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். வெறும் பொட்டலத்தைப் பற்றி எழுத வேண்டிய இடம். எழுதினால் அவர் படித்துவிட்டு முறுக்கிக்கொள்ளலாம். விட்டுவிட்டால் அது பொய். ஓர் ஈயின் வாழ்க்கையில் மிக அதிசயமான சங்கதியை ஒரு மனிதருக்குப் பயந்து மறைப்பதா?

எழுதினேன். உப்பு உறைப்பு இல்லாமல், எங்கள் கட்டுரைகள் எப்போதும் இருக்கிற மாதிரி: 'ஆண் பெண்ணுக்கு அளிக்கும் பொட்டலத்தில் இரை இல்லை (எண்ணிக்கை 11).'

ஜனவரி 18

படிக்கக் கேட்டார். பெயர்க் காரணம் சொல்லும் பத்திக்கு நேரே போனார். 'இத்துறைக்கு ஆற்றிய பணிக்காக' என்பதை எல்லோரும் கேட்கும்படி இரண்டு தடவை வாசித்தார். 'நெடுங்காலப் பணி' என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். கிளம்பிவிடுவார் என்று பார்த்தால், பக்கத்தைப் புரட்டினார். நான்காம் பக்கம்.

"பொட்டலத்துல ஒண்ணும் இல்லையா?"

"இல்ல, ந்தாத்தே."

"பொண்ணு அதை வாங்கிக்குதா?"

"வாங்கிக்குது. ஒவ்வொரு தடவையும்."

"அப்போ அது குடுக்கிறவன் தப்பு மட்டும் இல்லையே" என்று சொல்லிவிட்டுக் கட்டுரையை நீட்டினார்.

பக்கத்தில் மாமெல்லோ பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அவள்கூடச் சிரிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. உண்மைதானே? ஏழு வருஷமாகக் கை நீட்டி வாங்கியவள் யார்? அவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? இரவெல்லாம் இதே நினைப்பு.

பிப்ரவரி 2

அனுப்பிவிட்டேன்.

மே 23

கட்டுரையைச் சரிபார்த்த இருவரில் ஒருவர் கொக்கியை இன்னொரு பக்கத்திலிருந்தும் வரையச் சொல்கிறார். மாமெல்லோ அவருடைய ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே வரைந்தாள். படம் முன்னதைவிட நன்றாக வந்திருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 9

வந்துவிட்டது! வெளியே முழங்கால் ஆழம் பனி; எங்கள் மலையில் ஜூலைதான் நடுக் குளிர்காலம். வண்டி ஒன்றும் ஓடவில்லை. தலைப்புக்குக் கீழே ஒரே பெயர். தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஈக்கா? எதுக்குடி ஈக்குப் பேரு? அடிச்சுப் போட வேண்டியதுதானே" என்றாள். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரியிடம் என் மகள் புத்தகத்தில் வந்திருக்கிறாள் என்று அவள் சொல்வது போனிலேயே கேட்டது.

ந்தாத்தே முதல் பக்கத்துக்குச் சட்டம் போட்டு, அரசர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். வருகிறவர்களிடம், "என் ஈ ரொம்ப மரியாதை தெரிஞ்சது, வெறுங்கையோட போகாது" என்கிறார். நானும் மாமெல்லோவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. பார்த்தால் தொலைந்தோம்.

ஆகஸ்ட் 14

பெட்டியில் நிரந்தரமாக வைக்கிற நாள். நவம்பரிலிருந்து ஓடையில் சேர்த்த அறுபத்து மூன்று ஈக்கள், அறுபத்து மூன்று ஊசிகள், ஒவ்வோர் ஊசிக்கும் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு சீட்டு. சீட்டுகளை அச்சடித்து வெட்டினேன். மாமெல்லோ ஒன்றை விரல் நுனியில் எடுத்து வாய்விட்டுப் படித்தாள்.

"ஹிலாரெம்பிஸ் மகெத்தாயி பாஃபோலி."

இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடியே! பொண்ணுக்குப் பரிசமா ஒத்தை மாடு குடுக்காம கல்யாணத்தை முடிச்சுட்டாரே! மகெத்தா, பாஃபோலி. நடுவுல ஒரு புள்ளிகூட இல்லடீ!"

சீட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். ஹிலாரெம்பிஸ் ஈயின் பேரினம்; அதன் பின் அவர், அவரை ஒட்டி நான். இனி பூமியில் எந்த மூலையில் யார் இந்த ஈயைப் பற்றி எழுதினாலும் அவரும் நானும் சேர்ந்தேதான் வருவோம். கட்டுரை ஆசிரியர் என்ற இடத்திலிருந்து அவரைத் துரத்தப் படாதபாடு பட்டு, காலத்துக்கும் என் பக்கத்திலேயே குடிவைத்திருக்கிறேன். பிரிக்க எந்தக் கோர்ட்டும் கிடையாது. இதே மாதிரி ஆயிரக்கணக்கில் சீட்டு எழுதியவள் நான். எனக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று?

சிரிப்புச் சத்தம் கேட்டு அவரே வந்துவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சீட்டை மூக்குக்கு அருகில் வைத்துப் படித்தார்.

"நல்லா வந்திருக்கு. பாத்தியா மகளே, யாரு பேரு முதல்ல?"

நான் அவரையே பார்த்தேன். "இது உங்களுக்கு அப்பவே தெரியுமா, ந்தாத்தே?"

"பின்னே? கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு நாளா உள்ள தூங்கினேன்னு நெனச்சியா?"

சீட்டை என் உள்ளங்கையில் பத்திரமாக வைத்துவிட்டுப் போனார். தோளில் தட்டவில்லை. மாமெல்லோ தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. கோபப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை.

சாயங்காலம்வரை உட்கார்ந்து அறுபத்து மூன்றையும் குத்தினேன். குத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு சீட்டிலும் கடைசி வார்த்தையை மட்டும் ஒரு தடவை படித்துக்கொண்டேன். அதனால் கொஞ்சம் நேரமாகிவிட்டது.