பள்ளிக்கூடக் குழாய்

ஜனவரி 17
பனி முழங்கால் அளவு. பம்ப் கொட்டகைக்குப் போய், பல் சொத்தையாகாமல் இருக்கக் கலக்கும் ஃப்ளூரைடுத் தூளைத் தொட்டிகளில் கொட்டினேன். இந்த ஊர்த் தண்ணீருக்குப் பதினெட்டு வருடமாக நான்தான் பொறுப்பு. ஊர் அலுவலகக் குழாயில் மாதிரி பிடித்தேன்: லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். அளவு கச்சிதம். என்றைக்குத்தான் தவறியது?

ஜனவரி 19
கடையில் நெட்டி வழிமறித்தாள். ஏழு வயது மகளை வாயைத் திறக்கச் சொன்னாள். புதிதாக முளைத்த பற்களில் சுண்ணாம்பு தெறித்தது போலத் திட்டுத் திட்டாக வெள்ளை.
"உன் தண்ணிதான் காரணம், டோரீன்."
"வாய்க்கு வந்ததப் பேசாத" என்று வந்துவிட்டேன். கோபம் ஆறவில்லை. அந்தப் பற்களும் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஜனவரி 20
நெட்டி வீடு மேட்டில். அலுவலகம் ஆற்றங்கரையில். அங்கே ஊற்றுத் தண்ணீர், மேட்டுக்குப் புதுக் கிணறு. மேட்டில் நான் மாதிரி பிடித்ததே இல்லையே!

ஜனவரி 27
மேட்டுப் பள்ளிக்கூடத்தில் பிடித்து அனுப்பிய மாதிரிக்கு ஆய்வகத் தாள் வந்தது. பள்ளிக்கூடக் குழாய்: 2.3.
ஆறு வருடம் முன்பு கிணறு வெட்டியபோது வந்த அறிக்கையைத் தேடி எடுத்தேன். நிலத்தடிக் கருங்கல்லிலிருந்து தானாகக் கரையும் ஃப்ளூரைடே 1.9 இருக்கிறது. படிக்காமல் கோப்பில் போட்டவள் நானே. அதன்மேல் தூளும் கொட்டியிருக்கிறேன். அலுவலகத்தில் கணப்பு இருக்கும், சூடாகக் காப்பி இருக்கும், அதனால் அங்கேயே பிடித்தேன். ஒரு கப் காப்பிக்காக... பாவி நான்.

பிப்ரவரி 6
மேட்டுக்காரர்களிடம் ஊற்றுத் தண்ணீர் பிடிக்கச் சொல்லிவிட்டேன். தூளை நிறுத்த அலுவலகம் மறுக்கிறது. ஊர்க்கூட்டம் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்ததாம், ஊர்க்கூட்டம்தான் நிறுத்த வேண்டுமாம்.
அன்று அதைக் கொண்டுவந்தவர் பல் டாக்டர் விட்கோம்ப். தாளை நீட்டினேன். வாங்கவே இல்லை.
"தண்ணியில விஷம் கலக்குறாங்கன்னு கத்துற கூட்டத்துல நீயும் சேந்துட்டியா?"
"விஷம்னு சொல்லல டாக்டர். மேட்டுல அளவு தப்புன்னு சொல்றேன்."
"இந்த ஊர்ப் பசங்க பல்லக் காப்பாத்துனதே அந்தத் தூள்தான்."
"நெட்டி பொண்ணு பல்லப் பாத்தீங்களா?"
தாளை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மார்ச் ஊர்க்கூட்டத்தில் என் தப்பை நானே சொல்லப்போகிறேன். வேலை போனால் போகட்டும்.

மார்ச் 11
பள்ளி விளையாட்டரங்கில் இருநூறு பேர். ஒன்றையும் மறைக்கவில்லை. காப்பி என்றதும் சிரித்தார்கள். 2.3 என்றதும் சிரிப்பு நின்றது.
விட்கோம்ப் எழுந்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.
"இவ குடுத்த தாள ஒரு மாசம் பிரிக்காமலே வச்சிருந்தேன். போன வாரம் மேட்டுப் பசங்க பதினோரு பேரக் கூப்பிட்டுப் பாத்தேன். ஒம்பது பேருக்குத் திட்டு இருக்கு. டோரீன் சொல்றது சரி."
ஓட்டு அட்டைகள் மளமளவென்று உயர்ந்தன. தூளை நிறுத்த 181, வேண்டாமென்று 9. ஜெயித்துவிட்டோம்! நெட்டி கட்டிக்கொண்டு அழுதாள். நானும்தான். வேலையும் போகவில்லை. ஆப்பிள் பைப் பலகாரம் மூன்று துண்டு தின்றேன், வெட்கமே இல்லாமல்.

மே 30
இரண்டு தண்ணீரையும் கலக்கும் குழாயை இன்று திறந்தோம். ஊற்று மூன்று பங்கு, கிணறு ஒரு பங்கு. பள்ளிக்கூடக் குழாயில் பிடித்துச் சோதித்தேன்: 0.7.
விட்கோம்ப் எட்டிப் பார்த்தார். "எவ்வளவு தூள் போட்ட?"
"ஒரு சிட்டிகைகூட இல்ல."
ஒரு டம்ளர் பிடித்து முழுக்கக் குடித்தார். இன்னொன்றைப் பிடித்து என்னிடம் நீட்டினார்.
இனி எல்லா மாதமும் முதல் மாதிரி இங்கேதான். காப்பியை ஃப்ளாஸ்கில் கொண்டுவந்துவிடுகிறேன்.