மெட்டி கழற்றிய கால்

ஜூன் 9, திங்கள்
மேல்காட்டிலிருந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மலையில் வீடு வீடாகத் தடுப்பூசி போடுகிற நர்ஸம்மா, வெறுங்காலில்! வலது கட்டைவிரலின் அடியில் எலும்பு புடைத்து, விரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்துவிட்டது. நடுவில் மெட்டி மாட்டிக்கொண்டு சதையை அறுக்கிறது. வீட்டுக்காரர் சுபாஷ் பார்த்துவிட்டு, "மலைய வுட்டுடு. ஆபீஸ் வேலை கேட்டு எழுதிக் குடு" என்றார்.

மாட்டேன். பதினொரு வருடமாக நான் நடக்கிற மலை.

ஜூன் 12
எலும்பு டாக்டர் சந்தியா ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்றார். தூங்கும்போது விரலை இழுத்துப் பிடிக்கும் பட்டை, பகலில் விரலிடுக்கில் சிலிக்கோன் துண்டு, முன்பக்கம் அகலமான ஷூ. "எலும்பு நேராவும்னு நெனச்சிக்காதீங்க. வலி கம்மியாவும், நடக்கலாம். ஆனா மெட்டி இருந்தா துண்டு உக்காராதுங்க."

அங்கேயே சோப்பு போட்டுக் கழற்றினேன்.

ஜூன் 13
மாமியார் பார்த்துவிட்டார். "எம்புள்ள உசுரோட இருக்கசொல்ல இன்னாடி இது?"

சுபாஷ் பல் துலக்கிக்கொண்டே, "நான் குத்துக்கல்லாட்டம் நின்னுக்கினுதானம்மா கீறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தைக்கு வரவில்லை. என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

ஜூன் 21
சீக்கிரம் சரியாகட்டும் என்று பட்டையை ஒரு பிடி கூடுதலாக இறுக்கினேன். விரல் மரத்துப்போனது. ஊருக்கெல்லாம் மாத்திரைக்கு அளவு சொல்கிறவளுக்குப் புத்தி எங்கே போச்சு? தளர்த்திக் கட்டினேன். விடமாட்டேன்.

ஜூலை 2
மெட்டியை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார் அத்தை. ஆடி வெள்ளிக்குள் போட்டுக்கொள்ள வேண்டுமாம் — சுபாஷ் மூலம் உத்தரவு. கழுத்துல தாலி கீதே, அது கண்ணுக்குத் தெரியலையா? வலிக்கிறது யாரு காலு? போட மாட்டேன். போடவே மாட்டேன்.

ஜூலை 28
மேல்காடு. ஏறி, இறங்கி, ஷூவோடு! செல்லன் வீட்டுக் குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி போட்டேன். தெருமுனையிலிருந்து நான் நொண்டாமல் வருவதை அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 8, ஆடி வெள்ளி
எலும்பு அப்படியேதான் புடைத்திருக்கிறது. மெட்டி இல்லாமலே கோயிலுக்குப் போனேன். கூழ் வாங்க நிற்கும்போது எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாள் அத்தையிடம், "இன்னா ரங்கம்மா, மருமவ காலு மூளியா கீது?" என்றாள். எனக்குக் காதெல்லாம் சூடு. வாயைத் திறந்தேன்.

அத்தை முந்திக்கொண்டார். "அது மலை ஏறுற காலு. ஒனக்கு இன்னா வலிக்குது?"

வழியெல்லாம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்தால், கொடியில் அத்தையின் புடவைக்குப் பக்கத்தில் என் பட்டை காய்ந்துகொண்டிருக்கிறது. நான் துவைக்கவில்லை.