காணாமல் போன தைராய்டு மாத்திரை

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நீ வந்து தங்கிவிட்டுப் போன பிறகு பார்த்தால், என் தைராய்டு மாத்திரையில் ஓர் அட்டை முழுசாகக் காணோம். மாத்திரை டப்பா அவள் பொறுப்பு. அவள் அம்மாவுக்கும் அதே வியாதிதானே? "உங்கம்மாவுக்கு எடுத்துக் குடுத்துட்டியா?" என்று கேட்டுவிட்டேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மகன் என்னை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நான் கேட்டது தப்பா?

எந்நேரமும் தூக்கமாக வருகிறது என்றாயே, டாக்டர் என்ன சொன்னார்? அதைச் சொல்லாமலே போய்விட்டாய்.

உன் தங்கை

மார்ச் 9

என் தங்கச்சிக்கு,

அட்டையை எடுத்தவன் நான்தான்.

அச்சகத்தில் பிழை திருத்தும்போது மேசையிலேயே கண் சொக்கிவிடுகிறது. அங்கே வேலை செய்யும் பையன்கள் எனக்குக் கும்பகர்ணன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு கொஞ்சம் கோளாறு என்று வந்ததும், அப்பாடா, நான் சோம்பேறி இல்லை, நோயாளி என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். டாக்டரம்மா சிரித்தார். "இந்த வயசுல தைராய்டு இப்படிக் கொஞ்சம் மாறுறது நிறைய பேருக்கு உண்டு. தூக்கத்துக்கு இதுதான் காரணம்னு சொல்ல முடியாது. மாத்திரை இப்ப வேணாம், சில மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்."

நோயும் இல்லையென்றால் நான் வெறும் கிழவன்தானே? அந்த வெட்கத்தில் உன் டப்பாவில் கை வைத்தேன். தினமும் போட்டேன். நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. டாக்டரம்மா திட்டி நிறுத்தச் சொன்னார். தேவையில்லாமல் போட்டால் இதயத்துக்கு ஆகாதாம். இப்போது உடம்பு தேவலை. முகத்தை எங்கே கொண்டு வைப்பதென்றுதான் தெரியவில்லை. இதை மருமகளிடம் படித்துக் காட்டு.

அண்ணன்

மார்ச் 16

அண்ணா,

படித்துக் காட்டத்தான் போனேன். அவள் கேட்கவே இல்லை. "தெரியும் அத்தை. மாமா எடுத்ததப் பாத்தேன்" என்றாள். பின்னே ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா அவரு அப்புறம் நம்ம வீட்டுக்கே வர மாட்டாரு. நீங்க என்னைத் திட்டினா திட்டிட்டுப் போங்கன்னு இருந்தேன். எங்கம்மாவ இழுப்பீங்கன்னு நெனைக்கல."

அவள் அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். டீயை அப்படியே வைத்துவிட்டேன், அண்ணா. மன்னிப்புக் கேட்கப் போனவள், அதைக் கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன். அவள் இன்னும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன். நீ கூட வராதே. உன்னைப் பார்த்தால் பாவப்பட்டு "விடுங்க மாமா" என்று சொல்லிவிடுவாள். அதில் நானும் தப்பித்துக்கொள்வேன்.

தங்கை