அடித்துவிட்டுப் பார்த்த சிலந்தி

அன்புத் தோழிக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள். பையனைச் சிலந்தி கடித்துவிட்டது. அவன் காலைப் பார்த்தபடி விழித்திருக்கிறேன். நேற்று சுவரில் அடித்துப்போன கொசுமருந்தின் மண்ணெண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. தோட்டத்துப் பழைய லயத்து வீடுகளில் மருந்தடித்தபோது, கூரையிலிருந்து உதிர்ந்த சிலந்திகளை நீ குனிந்து குனிந்து பார்ப்பாய். நான் வாசலில் நின்று உன்னைத் திட்டுவேன். நீயோ சிலந்தியை 'அவள்' என்றே சொல்லி எனக்குப் பாடம் நடத்துவாய்:

"சுவத்துல ஓடுறவளை விட்டுருடி. தட்டையா, நண்டு மாதிரி காலைப் பரத்திக்கிட்டு ஓடுவா. கரப்பானைத் தின்னுட்டுப் போறா. மண்ணுல பொந்து வச்சு, வாசல்ல நூல் கட்டி உக்காந்திருக்கிறவதான் ஆகாது. தடியா, ரோமமா இருப்பா. கிட்டப் போனா ஓடமாட்டா, முன்காலைத் தூக்கிக்கிட்டு நிப்பா."

கல்லூரியில் நாம் படித்த விலங்கியல் புத்தகத்தில் இந்த ஊர்ச் சிலந்தி ஒன்றுகூட இல்லை. நீயாகப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாய். யார் வீட்டில் அலறினாலும் கண்ணாடிக் குவளையோடு ஓடுவாய். "அடிக்காதீங்க, மொதல்ல பாப்போம்."

இன்று யார் பார்த்தார்கள்? சாயங்காலம் தூளியில் பையன் வீரிட்டான். அடுப்படியிலிருந்து நான் வருவதற்குள், பக்கத்து வீட்டு அஞ்சலையக்கா விளக்குமாற்றால் அடித்துக் கூழாக்கிவிட்டாள். குதிகாலில் சிவந்த தடிப்பு. தரையில் நாலைந்து கால்கள், கொஞ்சம் ஈரம்.

"எப்படிக்கா இருந்துச்சு? தட்டையாவா, தடியாவா?"

"கறுப்பா இருந்துச்சு. செத்ததுக்கு ஜாதகமா பாக்கப் போற?"

உதவிக்கு ஓடிவந்தவளிடம் கோபத்தை எப்படிக் காட்டுவது? பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன்.

நீ போன பிறகு, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு உதவிவிடுவோமென்று சர்க்கார் எங்களை முள்வேலிக்குள் குடிவைத்துவிட்டது. வேலியோரம் புல் இருக்கக்கூடாதாம், மண்கரையைச் செதுக்கச் சொன்னார்கள். செதுக்கினோம். பொந்துகளெல்லாம் உடைந்தன. உள்ளே இருந்தவை எங்கே போகும்? தோட்டத்துத் துரையிடம் சொல்லுங்கள் என்று இவரிடம் சொன்னேன். ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தும் என் வீட்டுக்காரருக்கு வாய் வரவில்லை. இருட்டினால் கேட் பூட்டு. இன்று கோலா குபு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று பிள்ளையோடு போய் நின்றோம்.

"எட்டுக்கால் பூச்சிக்குக் கேட்டைத் தொறந்தேன்னு நான் யாருக்குப் பதில் சொல்றது? காலையில வாங்க லா" என்றான் காவல்காரன்.

திரும்பி வந்தோம். "வீக்கம் ஏறலையே, படு" என்று சொல்லிவிட்டு இவர் தூங்கிவிட்டார்.

உன் வீட்டுக்காரரை விசாரணை என்று கூட்டிப்போய், கடைசியில் உங்கள் இருவரையும் இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று நின்று பார்த்தவர் ஒருவரும் இல்லை. அதை நினைத்தாலும் இதே எரிச்சல்தான் வருகிறது.

தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன். வீக்கம் இதுவரை கோட்டைத் தாண்டவில்லை. மூச்சு சீராக இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் இவன் கால் எப்படியும் ஒரு முடிவுக்கு வந்திருக்கும், தெரியும். உன்னிடமிருந்து என்னோடு ஒட்டிக்கொண்டது இது ஒன்றுதான்: பயந்தாலும் கண்ணை எடுக்காமல் பார்த்திருப்பது.

முன்பு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. வழியில் யார் பிரித்துப் படிக்கிறார்களோ. சிலந்தியைப் பற்றி ஒன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் இருவரும் நன்றாக இருக்கிறீர்களா என்று மட்டுமாவது எழுது. சீக்கிரம் பதில் போடு.