ஊருணியைக் கறுப்பாக்கியவன்

பிப்ரவரி 9, ஞாயிறு
லேபிள் அச்சகத்தில் கணக்கெழுதுகிறவன் இன்று முதல் நீர் ஆய்வாளன். தன்னார்வக் குழுவில் சேர்ந்தாயிற்று, தொப்பியும் வாங்கியாயிற்று. விஸ்வநத்தம் தாண்டி ஓர் ஊருணியில், குழு கொடுத்த மருந்துப் பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். மலக்கிருமி இருந்தால் ஓரிரு நாளில் பாட்டில் கறுத்துவிடுமாம். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் முத்துமாரியம்மாள் அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தார். "மீனு கெடச்சுதா அண்ணாச்சி?" என்றார். விஞ்ஞானி பதில் சொல்வதில்லை. பாட்டிலோடு செல்ஃபி எடுத்துக் குழுவில் போட்டேன்.

பிப்ரவரி 11
கறுத்துவிட்டது! எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?

பிப்ரவரி 12
அந்த ஊருக்குப் போய்ப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். "எங்க தண்ணில பீ கெடக்குன்னு சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீக?" — முத்துமாரியம்மாள். ஆனால் எல்லோர் கண்ணும் கரையோரத்துக் கருப்பணன் வீட்டிலிருந்து ஊருணியில் விழும் கழிவுநீர்க் குழாய் மேல் போய்விட்டது. "அது ஏனங் கழுவுற தண்ணி தாயி" என்று கருப்பணன் கெஞ்சினார். யார் கேட்டது? நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

பிப்ரவரி 16
கருப்பணன் குழாயை அடைத்துவிட்டார்களாம். அவர் வீட்டோடு பேச்சும் இல்லையாம்.

பிப்ரவரி 18
குழுவை நடத்தும் ஐஸ்வர்யா போன் செய்தாள். என் மகள் வயது. "சார், உங்க செல்ஃபியப் பெருசாக்கிப் பாத்தேன். கட்டைவிரல் பாட்டிலுக்குள்ள இருக்கே?"
பார்த்தேன். இருக்கிறது. அன்று காலை வாசலில் நாய் அசிங்கம் செய்ததை அள்ளிப் போட்டுவிட்டு, கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு கிளம்பியவன் நான் — ஐயோ. ஏலே, ஒனக்கெல்லாம் எதுக்குலே தொப்பி?

பிப்ரவரி 19
போகாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? தெரியாதுதான். லீவு போட்டுவிட்டுப் போனேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன்.
"அப்ப பீ ஒங்க கையிலயா அண்ணாச்சி!" என்றார் முத்துமாரியம்மாள். கரை முழுக்கச் சிரிப்பு.
கருப்பணன் சிரிக்கவில்லை. "எம் மக கல்யாணப் பத்திரிகைய நாலு வீட்ல வாங்கல" என்றார்.
சிரிப்பு நின்றது. முத்துமாரியம்மாள்தான் முதலில் எழுந்தார். "இங்கன கொண்டாங்கண்ணே, பத்திரிகைய."

பிப்ரவரி 23, ஞாயிறு
அடைத்த குழாயைத் திறந்துவிட்டு, மறுபடி சோதனை. முழங்கை வரை சோப்புப் போட்டுத்தான் போனேன். இருந்தும் பாட்டில் என் கைக்கு வரவில்லை. குழாய்த் தண்ணீர் விழும் இடத்திலேயே கருப்பணன் அள்ளினார். நான் குடை பிடித்தேன். பாட்டிலையும் அவர் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 25
காலையில் கருப்பணன் போன். "அண்ணாச்சி, கறுக்கல."
"கல்யாணத்துக்கு வந்துருங்க. பந்தில ஒக்காருறதுக்கு முன்ன கையக் கழுவிருங்க."