கன்னியிலிருந்து மீனத்துக்கு ஒரு கோடு

பூஜைச் சாமான் கடைக்காரர் இந்த வருடமும் இரண்டு பஞ்சாங்கம் எடுத்து வைத்துவிட்டார். வாக்கியம் எனக்கு, திருக்கணிதம் உனக்கு. ஒன்று போதும் என்று நான் வாய் திறப்பதற்குள் செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டிவிட்டு, உன்னை ரொம்ப நாளாகக் காணவில்லை, கேட்டதாகச் சொல்லுங்கள் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நீ மாசியில் போய்விட்டாய் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? எனக்கு வாய் வரவில்லை. ஆட்டோவில் தலத்தெரு வீடு வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்து, இப்போது மேசைமேல் வைத்திருக்கிறேன். இன்னும் பிரிக்கவில்லை. புது அச்சு மையின் வாசனை மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

ஒரே அலுவலகத்தில் பதினாறு வருடம் எதிரெதிர் மேசை நமக்கு. என் மேசையில் கோப்புகள் எண் வரிசையில் இருக்கும். உன் மேசையில் கோப்பைத் தவிர எல்லாம் இருக்கும். மனு கொடுக்க வந்தவர்கள் உன் எதிரில் உட்கார்ந்து வீட்டுக் கதையைச் சொல்லி அழுவார்கள், நீயும் கூடவே மூக்கைச் சிந்துவாய், வரிசை வாசல் வரைக்கும் நிற்கும். முதல் இரண்டு வருடம் உன்னைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதை நீ நன்றாகவே தெரிந்து வைத்திருந்தாய். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து, என் நட்சத்திரம் என்ன என்று கேட்டாய். அஸ்தம் என்றேன். கையைத் தட்டிச் சிரித்தாய்.

என் சுத்தமான குறிப்புத்தாளை எடுத்து, கேட்காமலேயே ராசிக் கட்டம் போட்டாய். வலப்பக்கக் கீழ்மூலையில் கன்னி, அது நான். இடப்பக்க மேல்மூலையில் மீனம், அது ரேவதிக்காரியான நீ. மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தாய். ஒருவருக்கொருவர் ஏழாமிடம். கல்யாணப் பொருத்தத்தில் இதை நல்லதென்று சொல்வார்கள், அதோடு விட்டுவிடுவார்கள். நீ விடவில்லை. ஜாதகம் உன் அப்பா வழியில் வந்தது, உளவியல் நீயாகத் தபாலில் படித்தது. இரண்டையும் சேர்த்து நீயே ஒன்றைப் பிடித்து வைத்திருந்தாய். நமக்குள் இருப்பதில் எதை வெளியே காட்டக் கூசுகிறோமோ, அதைக் கொண்டுபோய் ஏழாமிடத்தில் பூட்டி வைக்கிறோம். பிறகு அதே குணம் எதிரில் இருப்பவர் முகத்தில் தெரிந்தால் எரிச்சல் வருகிறது.

"எம்மேல எரிச்சலா இருக்குல்ல? அது நீ உள்ள போட்டு மூடி வச்சதுடி" என்றாய். டி போட்டது அதுதான் முதல் தடவை.

அதற்கு நீ ஒரு பயிற்சியும் வைத்திருந்தாய், பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு சீட்டு. அந்த வாரம் யார் மேல் எரிச்சல், எதற்கு என்று ஒரு வரி. சீட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். எதிராளி அதில் பேரை எடுத்துவிட்டு ‘நான்’ என்று போட்டு வாசிப்பார். ஒருநாள் முழுக்க மறுத்துப் பேசக் கூடாது. அதில் ஏதாவது உண்மை இருக்கிறதா என்று தேட வேண்டும், அவ்வளவுதான். நான் முதல் வாரம் அதிகாரி பாராட்டுக்கு அலைகிறார் என்று எழுதினேன். நீ அதை நான் பாராட்டுக்கு அலைகிறேன் என்று வாசித்தாய். ராத்திரி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது வாரம் ஒழுங்காகச் செய்தேன். சீட்டுகளுக்குத் தேதி போட்டு, கோப்பில் குத்தி, ஒன்பதாவது வெள்ளியன்று உன்னிடம் நீட்டி, முடிந்துவிட்டது, அடுத்து என்ன செய்யணும் என்று கேட்டேன். நீ சாப்பிட்டது புரையேறுகிற வரைக்கும் சிரித்தாய். சனிக்கு ஒன்பது வாரம் எள் விளக்குப் போட்டுவிட்டுக் கணக்கை முடிப்பதுபோல் முடிக்கப் பார்க்கிறாயே என்றாய். திருநள்ளாற்றுப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? எது வந்தாலும் இத்தனை வாரம், இத்தனை சுற்று என்று எண்ணிச் செய்துவிட்டால் தீர்ந்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

உனக்கு அது வேலை செய்தது. என்னைப் பற்றி நீ எழுதிய சீட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள், கொஞ்சம்கூட உறுத்தாமல் சொல்கிறாள். அதை ‘நான்’ போட்டு உனக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த வாரமே, இலவசமாக ஜாதகம் எழுதித் தரச் சொல்லி ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுகொண்டிருந்த உன் தெருக்காரர்களிடம் இனிமேல் முடியாது என்றாய். சொல்லிவிட்டு எனக்குப் போன் செய்து, பயந்துகொண்டேதான் சொன்னேன், ஆனால் நன்றாக இருக்கிறது என்றாய். உன் மேசைகூடக் கொஞ்சம் ஒழுங்கானது. நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அம்மா இறந்துபோன வருடம் அது. தலத்தெரு வீட்டில் நான் தனி ஆளாகியிருந்தேன். நீ சாயங்காலம் தோறும் போன் செய்வாய். பேச விஷயமே இருக்காது, சும்மா லைனில் இருப்பாய். எனக்குத் தாங்கவில்லை. அந்த வெள்ளி உன்னைப் பற்றியே எழுதினேன். அவளுக்கு எப்போதும் யாராவது பக்கத்தில் இருந்துகொண்டே இருக்கணும். நீ சீட்டைப் பிரித்தாய். கோபப்படுவாய் என்று பார்த்தேன். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தாய்.

"எனக்கு எப்பவும் யாராவது பக்கத்துல இருந்துக்கிட்டே இருக்கணும்."

வாசித்துவிட்டு என்னையே பார்த்தாய். எனக்கு யாரும் வேண்டாம் என்று சொல்லி டிபன் பாக்ஸை மூடினேன். அந்த மூடி சரியாக மூடவில்லை, மூன்று தடவை அழுத்தினேன். அதற்குப் பிறகு நான் சீட்டு எழுதவில்லை. நீயும் கேட்கவில்லை. சாயங்காலப் போன் மட்டும் நிற்கவில்லை.

பிறகு உனக்கு நோய் வந்தது. திருக்கணிதப்படி சனி மீனத்துக்கு வந்தாச்சு, ஜென்மச் சனி ஆளைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நீ சிரித்தாய். நம்மூர்க் கோயில் கணக்கு வாக்கியம், அதன்படி இன்னும் வரவில்லை என்று நான் சண்டை போட்டேன். என் வாழ்நாளில் ஒரு பஞ்சாங்கத்தை அவ்வளவு ஆத்திரத்தோடு நம்பியதில்லை. ஸ்கேன் அறிக்கைகளைத் தேதிவாரியாகக் கோப்பில் போட்டேன். மாத்திரைகளுக்குக் காலை, மதியம், இரவு என்று சீட்டு ஒட்டினேன். புதுச்சேரிக்கு வண்டி பிடித்தேன், டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதிக் கொடுத்தேன். கடற்கரைப் பக்கம் நீ இருந்த உன் அண்ணன் வீட்டுக்குத் தினமும் வந்தேன். உன் அண்ணி என்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னாள். நான் வருவேன், இருபது நிமிடம் வேலை செய்வேன், போய்விடுவேன். உன் முகத்தை நேராகப் பார்த்தால் என்ன ஆவேனோ என்று பயமாக இருந்தது. இதை இப்போதுதான் எழுத முடிகிறது.

அம்பகரத்தூர் அம்மனுக்கு ஒன்பது செவ்வாய் ராகுகாலத்தில் எலுமிச்சை விளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டேன். எட்டு வாரம் போனேன். எட்டாவது வாரம் குங்குமத்தை உன் நெற்றியில் வைத்துவிட்டுக் கிளம்பும்போது கையைப் பிடித்தாய். உன் கை அவ்வளவு லேசாக இருந்தது.

"நீ எனக்குப் பரிகாரம் பண்ணிக்கிட்டே இருக்கடி. கொஞ்சம் உக்காரேன்" என்றாய்.

உட்கார்ந்தேன். கட்டிலின் ஓரத்தில், எழுந்திருப்பதற்குத் தயாராக. எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. பின்கட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது, வாஷர் போயிருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். வாஷரை மாற்றிவிட்டு அப்படியே செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அதற்கு அடுத்த செவ்வாய் காலையிலேயே அண்ணி போன் செய்தாள். உனக்கு மூச்சு ஒரு மாதிரி இருக்கிறது, வர முடியுமா என்றாள். இன்றைக்கு ஒன்பதாவது வாரம், முடித்துவிட்டு நேராக வந்துவிடுகிறேன் என்றேன். எட்டோடு நிறுத்தினால் பலன் இல்லை என்றுகூட அவளுக்கு விளக்கினேன். மூன்று மணிக்கு விளக்கு ஏற்றினேன், ஒன்பது சுற்று எண்ணிச் சுற்றினேன். போன் பையில் சத்தமில்லாமல் கிடந்தது. காரைக்கால் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எடுத்துப் பார்த்தேன், அண்ணி பல தடவை கூப்பிட்டிருந்தாள். உன் வாசலில் நான் இறங்கும்போது அண்ணன் பந்தலுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தார். என் கையில் குங்குமப் பொட்டலம் இருந்தது.

அண்ணி என்னைத் திட்டவில்லை. நீ கடைசியாக என்னைத்தான் கேட்டாய் என்றாள். நான் கோயிலுக்குப் போயிருப்பதைச் சொன்னதும் நீ சிரித்தாயாம்.

"'வருவா அண்ணி, எண்ணி முடிச்சிட்டு வருவா'ன்னுச்சு" என்றாள்.

கோபமாகச் சொன்னாயா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதினாறாம் நாள் வரைக்கும் எல்லாக் காரியத்தையும் பொறுப்பாக எடுத்துச் செய்தேன். யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று பட்டியல் போட்டதும் நான்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எவ்வளவு தைரியசாலி என்று உன் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அலுவலகத்தில் உன் மேசைக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள், கோப்புகளை எண் வரிசையில் வைக்கிறாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அது அடிக்கவில்லை. இந்த வீடு இவ்வளவு பெரியது என்று எனக்கு இதுவரை தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். எதுவும் கொண்டுபோகவில்லை. வழியில் பழம் வாங்கலாமா என்று இரண்டு கடையில் நின்றேன், வாங்கவில்லை. அண்ணி பின்கட்டில் அரிவாள்மணையில் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், ஏதாவது தாள் கையெழுத்துப் போடணுமா, ஆபீஸிலிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று பதறிக் கேட்டாள். பாவம், நான் வந்தால் ஒரு வேலையோடுதான் வருவேன் என்று அவளுக்குப் பழகிப்போயிருக்கிறது. இல்லை என்றேன். பின்னே என்னங்க என்றாள்.

"வீட்ல தனியா இருக்க முடியல, அண்ணி" என்றேன்.

ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அண்ணி மீன் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அழுகை வந்தது. உன் மேசை முன்னால் மனுக்காரர்கள் அழுவார்களே, அதேபோல் மூக்கு ஒழுக, சத்தம் போட்டு. அண்ணன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், அப்போதும் நிறுத்த முடியவில்லை. நிறுத்த முயலவும் இல்லை. அண்ணி மீனை ஆய்ந்து முடித்துக் குழம்பு கூட்டுகிற வரைக்கும் அங்கேயே இருந்தேன், அவள் சோறு போட்டபோது வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாளைக்கும் போகப் போகிறேன். யாராவது பக்கத்தில் இருக்கணும் என்கிற இதை உன்னிடமிருந்து எடுத்துக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. உன் கட்டிலில் உட்கார்ந்து அழ வேண்டிய அழுகையடி அது. உன் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன்.